நாவல் முடிந்த மறுநாளிலிருந்து: நீண்ட எழுத்து வேலைகளுக்கு நடுவே ஓய்வெடுக்க ஒரு முழு வழிகாட்டி

என்னுடைய முதல் நாவலை முடித்த மூன்றாம் நாளே இரண்டாவதைத் தொடங்கினேன். கல் சூடாக இருக்கும்போதே அடுத்த தோசையை ஊற்றிவிட வேண்டும் என்ற நினைப்பு. 11 அத்தியாயம் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாகப் படித்தால், புதுக் கதையில் வரும் மீனவர், அவர் மனைவி, போலீஸ்காரர், ஏன் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவிகூட, எல்லோரும் முதல் நாவலின் கதாநாயகி மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்கள். அதே பெருமூச்சு, அதே "என்ன செய்றது, விடுங்க". நான்கு மாத உழைப்பு போச்சு. அதற்கப்புறம் எட்டு மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை, அதை ஓய்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு இன்னும் இரண்டு நாவல், ஒரு பள்ளியின் நினைவு மலர், ஒரு மொழிபெயர்ப்பு என்று ஓடிவிட்டது. இந்த நான்கு வேலைக்கும் நடுவில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் மலேசியாவில், பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன், பகலில் அலுவலக வேலை, காலை 6 மணி முதல் 7.30 வரைதான் எழுதும் நேரம். அதனால் உதாரணம் எல்லாம் இந்த ஊர்தான். கிள்ளானிலோ ஈப்போவிலோ இருப்பவர்கள் இடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதில்தான் தொங்குகிறது. எழுத்தை விடுங்கள், ஆனால் எழுதும் நேரத்தை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். காலை 6 மணி எனக்கென்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள மூன்று வருடம் ஆனது. ஓய்வுதானே என்று அந்த நேரத்தில் ஒரு வாரம் தூங்கினாலோ, குழம்பு வைத்தாலோ, அது குழம்பு நேரமாகிவிடும். குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் எழுத்துக்கு விடுமுறை விட்டால் வீட்டார் அதைச் சமையலறைக்கு ஒதுக்கிவிடுவார்கள், அதுவும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல். அந்த ஒன்றரை மணி நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் இருந்த சொற்களை மட்டும் வெளியே எடுத்துவிடுவதுதான் நான் சொல்லும் முறை.

1. எது களைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

"டயர்டா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். என் அனுபவத்தில் மூன்று வேறு வேறு களைப்பு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்று உடம்பு: மணிக்கட்டு, கழுத்து, கண். இரண்டாவது காது. அதாவது உங்கள் சொந்த நடையைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கே அலுத்துப்போவது. வேறொருவர் எழுதியதைப் படித்தாலும் கை திருத்தத் துடிக்கும், மளிகைக் கடை ரசீதில்கூட ஒற்றுப்பிழை கண்ணில் படும். மூன்றாவது சரக்கு தீர்ந்துபோவது. பார்த்தது, கேட்டது, பட்டது எல்லாவற்றையும் அந்த ஒரு நாவலில் கொட்டியாகிவிட்டது, பானையைக் கவிழ்த்தால் பருக்கை இல்லை. எனக்கு முதல் நாவலுக்குப் பிறகு இருந்தது இரண்டாவதும் மூன்றாவதும், நானோ முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கும் அப்பால் ஒன்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் 'பர்ன் அவுட்' என்பதை நோயாக அல்லாமல் வேலை சார்ந்த நிலையாகச் சேர்த்து, 2019-இல் அதை விளக்கியும் சொன்னது. அதற்குச் சொல்லும் அடையாளம் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, எதைச் செய்தாலும் உருப்படியாக வரவில்லை என்ற உணர்வு. இந்த வழிகாட்டி அதன் லேசான பக்கத்துக்குத்தான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எழுத்து மட்டுமில்லாமல் எதிலுமே பிடிப்பில்லை என்றால் பூங்காவில் நடந்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியருக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம், போய்ச் சொல்லுங்கள்.

2. கடையை ஒழுங்காகச் சாத்துங்கள்

எங்கள் பக்கத்து மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றும் பால் டீ கலக்கும் தம்பி ஆறு மேசையின் ஆர்டரை ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் தலையில் வைத்திருப்பார். ஒரு கோப்பி ஓ, இரண்டு தே ஓ ஐஸ், ஒன்று சீனி குறைவு. காசு கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து "நான் என்ன குடித்தேன்?" என்று கேட்டால் விழிப்பார். பெர்லினில் ஆராய்ச்சி செய்த புளூமா ஸைகார்னிக் 1927-இல் வெளியிட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: முடிக்காத வேலை முடித்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கிறது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் எல்லோருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு அதைவிடப் பயன்பட்டது. பாதியில் நிற்கும் வேலையை எப்போது, எப்படி முடிப்பேன் என்று ஒரு திட்டம் போட்டுவிட்டாலே அது மனதில் வந்து குறுக்கிடுவது குறைகிறதாம்.

அதனால் முடித்த அன்றே இவற்றைச் செய்யுங்கள். நாவலின் ஃபைலை மூன்று இடத்தில் சேமியுங்கள்: கணினி, பென்டிரைவ், கூகுள் டிரைவ். கணினியின் முகப்பில் அதன் ஐகான் இருந்தால் எடுத்துவிடுங்கள், தினமும் கண்ணில் பட்டால் கை போகும். அப்புறம் ஒரே ஒரு தாள் எடுத்து 'விட்ட குறை' என்று தலைப்பிட்டு, மனதை அரிக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். 7-ஆம் அத்தியாயத்தில் மாமாவின் வயது இடிக்கிறது. மழைக் காட்சி நீளம். முடிவு அவசரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தத் தேதியில் பார்ப்பேன் என்று போடுங்கள். எழுதினால் போதும், சரிசெய்யக் கூடாது. தாளை மடித்து ஒரு டப்பாவில் போடுங்கள். நான் பழைய பிஸ்கட் டின்னில் போடுகிறேன்.

படித்துப் பார்க்க இரண்டு பேருக்கு அனுப்புவதென்றால் இன்றே அனுப்பி, "இன்ன தேதிக்கு முன்னால் கருத்துச் சொல்லாதீங்க" என்றும் சேர்த்து அனுப்புங்கள். இந்த இரண்டாவது பகுதியைப் பலர் செய்வதில்லை. செய்யாவிட்டால் ஓய்வின் ஐந்தாம் நாள் இரவு 11 மணிக்கு "அக்கா, ஒரு சின்ன சந்தேகம்" என்று வாட்ஸ்அப் வரும். அவ்வளவுதான், கடை மறுபடி திறந்தாச்சு.

இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுங்கள். மேசையைத் துடையுங்கள்.

3. நாள் குறியுங்கள்

முடிவுத் தேதி இல்லாத ஓய்வு பயமாக மாறிவிடும், எனக்கு எட்டு மாதம் போனது அப்படித்தான். என் கணக்கு இது: ஒவ்வொரு மூன்று மாத உழைப்புக்கும் ஒரு வாரம். ஒரு வருட வேலைக்கு நான்கு வாரம். ஆனால் கணக்கில் குறைவாக வந்தாலும் இரண்டு வாரத்துக்குக் குறையாது, எவ்வளவு பெரியதானாலும் இரண்டு மாதத்தைத் தாண்டாது. இதற்கு எந்த ஆராய்ச்சியும் ஆதாரம் இல்லை, நாலு தடவை செய்து பார்த்ததில் எனக்கு ஒத்துவந்த கணக்கு. வீட்டுச் சுவரில் தொங்கும் குதிரைக் காலண்டரில் (குதிரைப் பந்தய நாளும் குறித்திருக்கும் இந்த ஊர்க் காலண்டர்) சிவப்புப் பேனாவால் தொடக்கமும் முடிவும் கோடு போட்டு வைப்பேன். கைப்பேசியில் குறித்தால் எனக்கு மட்டும்தான் தெரியும், சுவரில் போட்டால் மகனே "அம்மா, இன்னும் 12 நாள்" என்பான்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், வெளியே போகும் திட்டமெல்லாம் நனைந்துபோகும், போதாக்குறைக்குத் தீபாவளியும் அந்தப் பக்கம் வந்துவிடும். முறுக்குப் பிழிந்துகொண்டே ஓய்வெடுக்க முடியாது. ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். பொங்கலை முடித்துத் தைப்பூசத்தை ஒட்டி ஓய்வு வருகிற மாதிரி வேலையை முடிக்கப் பார்ப்பேன்.

4. முதல் நான்கு நாள் உடம்புக்கு

முடித்த மறுநாளே லங்காவித் தீவுக்கு டிக்கெட் போடாதீர்கள். பெட்டி கட்டுவதும் வேலைதான்.

தூங்குங்கள், ஆனால் எழுந்திருக்கும் நேரம் மாறக் கூடாது. வேண்டுமானால் இரவு 9 மணிக்கே படுங்கள். கண் டாக்டர்கள் சொல்லும் 20-20-20 கணக்கை அலுவலகத்தில் பழகுங்கள்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை, 20 நொடி பார்ப்பது. மணிக்கட்டு வலி இரண்டு வாரத்திலும் குறையவில்லை என்றால் எண்ணெயை நம்பிக்கொண்டு இருக்காமல் காட்டிவிடுங்கள்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை எழுதும் மாதங்களில் நான் அடியோடு விட்டுவிடுகிறேன், நேரமில்லை என்று. இந்த வாரம் திரும்பத் தொடங்குவேன். நல்லெண்ணெயைச் சூடாக்கி உச்சியில் வைத்து, அரை மணி ஊறி, சீயக்காய் போட்டு அலசிவிட்டு வந்தால் அன்று மதியம் வரும் தூக்கம் இருக்கிறதே, அதைத் தூக்கம் என்றே சொல்லக் கூடாது.

5. சொற்களிடமிருந்து விடுப்பு எடுங்கள்

இதுதான் முக்கியமான படி, பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான். எழுதுவதை நிறுத்திவிட்டு என்ன செய்கிறோம்? படிக்கிறோம். ஃபேஸ்புக்கில் சண்டை பார்க்கிறோம். இலக்கியக் குழு, குடியிருப்புக் குழு, குடும்பக் குழு, பழைய மாணவர் குழு என்று நாலு வாட்ஸ்அப்பிலும் பதில் போடுகிறோம். நாள் முழுக்கச் சமையல் செய்த ஆள் ஓய்வுக்காகப் பக்கத்து வீட்டில் போய்க் காய் நறுக்கிக் கொடுப்பது மாதிரி. கை வேறு இடத்தில் இருக்கிறது, வேலை அதேதான்.

1926-இல் கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டமாகப் பிரித்தார்: தயாரிப்பு, அடைகாத்தல், பளிச்சிடல், சரிபார்த்தல். இரண்டாவதில் மனம் அந்த விஷயத்தைத் தெரிந்து தொடுவதில்லை. அடைக்கோழி வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை கோழியைத் தூக்கி முட்டையைப் பார்த்தால் கூமுட்டைதான் மிஞ்சும்.

எனவே குறைந்தது இரண்டு வாரம், அந்த எழுதும் நேரத்துக்குள் சொல் வேண்டாம். நாவல், கட்டுரை, செய்தி, குழுக்கள், வசன வரி ஓடும் படம், எதுவும் வேண்டாம். கவிதை? அதுவும் சொல்தான், ஏமாற்றாதீர்கள். நாள் முழுக்க முடியாது என்று எனக்கும் தெரியும், அலுவலகத்தில் மின்னஞ்சல் படித்தே ஆக வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் கறாராக இருங்கள். அந்த இடத்தில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பார்த்தவுடன் வராத, சொல்லால் விளக்க முடியாத ஏதாவது ஒன்று.

போன முறை நான் எடுத்துக்கொண்டது பூக்கட்டுவது. அம்மா கட்டுவார், நான் படிப்பு படிப்பு என்று கற்றுக்கொள்ளவே இல்லை. குவீன் ஸ்திரீட்டில், 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கும் அதே லிட்டில் இந்தியா வட்டாரத்தில், ஒரு பூக்கடை அக்காவிடம் கேட்டேன். சனிக்கிழமை காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இரண்டு மல்லிகை இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் சந்திக்க வேண்டும், இடது கட்டைவிரல் அதை அழுத்திப் பிடித்திருக்கும்போதே வலது கை நூலை ஒரு சுற்றுச் சுற்றி வளையமாக்கிக் காம்புக்கு அடியில் விட்டு இழுக்க வேண்டும். எழுதினால் மூன்று வரி. எனக்கு முதல் முழம் கட்ட 50 நிமிடம். அதற்குள் அவர் ஆறு முழம் கட்டி, நாலு பேருக்கு விற்று, மகளிடம் போனில் சண்டையும் போட்டு முடித்தார், ஒருமுறைகூடக் கையைப் பார்க்கவில்லை.

என் சரத்தைத் தூக்கி உதறினார். பாதிப் பூ மடியில் விழுந்தது. "லூசா விட்டா இப்படித்தான்மா உதிரும். ரொம்ப இறுக்குனீங்கன்னா காம்பு அறுந்துடும்," என்றார். உடனே என் மூளை இதற்கு ஓர் உட்பொருள் தேடி ஓடியது, வாக்கியம் அப்படி இருக்க வேண்டும், உறவு இப்படி இருக்க வேண்டும் என்று. இதைக் கவனியுங்கள். பார்ப்பதை எல்லாம் உவமையாக மாற்றத் துடிப்பதும் களைப்பின் அடையாளம்தான், ஆலை பூட்டிய பிறகும் இயந்திரம் சுற்றுகிற மாதிரி. உதிர்ந்த பூவைப் பொறுக்கி மறுபடி கட்டுங்கள், அவ்வளவுதான். நான் பத்தாவது நாளில்தான் உவமை தேடுவதை நிறுத்தினேன். அன்றைக்குத்தான் மல்லிகைக் காம்பின் நுனி லேசாக ஊதா நிறத்தில் இருப்பதையே பார்த்தேன். இத்தனைக்கும் என் நாவலில் மூன்று இடத்தில் மல்லிகை வருகிறது.

பூ ஒத்துவரவில்லை என்றால் இடியாப்பம் பிழியுங்கள், கோலம் போடுங்கள், மோட்டார்சைக்கிளைப் பிரித்துக் கழுவுங்கள், உருமி வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் (பக்கத்து வீட்டாரிடம் முதலில் கேட்டுவிட்டு).

6. நடங்கள், அல்லது படகு ஏறுங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓப்பெஸ்ஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருக்கும்போது தோன்றியதைவிட நடக்கும்போது படைப்புச் சிந்தனை சராசரியாக 60 சதவீதம் அதிகமாக இருந்தது. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் கணக்குகளுக்கு நடை உதவவில்லை. இதை எழுத்துக்குப் பொருத்திப் பார்த்தால், புதுக் கதை தேட நடக்கலாம், ஒற்றுப்பிழை திருத்த மேசைதான்.

நான் வாரத்தில் மூன்று நாள் தண்ணீர்மலைப் பக்கம் பொட்டானிக் தோட்டத்துக்குப் போவேன். 1884-இல் தொடங்கிய தோட்டம், இன்னும் விடியாத நேரத்திலேயே சீனக் கிழவர்கள் கை வீசி நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே நாகலிங்க மரத்தடியில் ஐந்து நிமிடம் நிற்பது என் வழக்கம். பூ கிளை நுனியில் பூக்காமல் அடிமரத்திலிருந்தே தொங்கும், அந்த வாசனையை எந்தச் சொல்லிலும் அடைக்க முயன்றது இல்லை. குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள், கையில் பிளாஸ்டிக் பையும் வேண்டாம். காலில் தெம்பு இருந்தால் அங்கிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஏறும் தார்ச்சாலை சுமார் 5 கிலோமீட்டர், நல்ல செங்குத்து. இல்லையென்றால் ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ரயில் இருக்கவே இருக்கிறது, 1923-இலிருந்து ஓடுகிறது, இப்போதைய பெட்டிகள் புதியவை. மேலே நாலைந்து டிகிரி குளிர் அதிகம். ஆனால் பள்ளி விடுமுறையில் போனால் வரிசையில் நின்றே ஓய்வு முடிந்துவிடும்.

நடக்க முடியாதவர்களுக்குப் படகு. இது என்னுடைய தனிப்பட்ட பைத்தியம், இருந்தாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வெல்ட் கீ படகுத்துறையில் படகு ஏறி, எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய், இறங்கி, அடுத்த படகில் திரும்பி வருவேன். ஒரு பக்கத்துக்கு 10, 15 நிமிடம். முன்பெல்லாம் கார்களையும் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து வரும் பெரிய படகுகள். 2023-இல் வந்த புதியவற்றில் ஆட்களும் மோட்டார்சைக்கிளும் சைக்கிளும்தான். பழையதின் டீசல் வாசனை இதில் இல்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் கடல் அதே கடல், சரக்குக் கப்பல்கள் அதே மாதிரி நகராமல் நிற்கின்றன, போய்ச் சேர வேண்டிய அவசரம் எதுவும் உங்களுக்கு இல்லை.

பிரெஞ்சுக் கணிதமேதை ஹென்றி புவான்கரே பல நாள் முட்டிக்கொண்டிருந்த ஒரு கணக்கை மறந்துவிட்டுப் பயணம் போனவர், கூட்டான்ஸ் என்ற ஊரில் வண்டியின் படியில் கால் வைத்த நொடியில் விடை கிடைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் நடுக்கடலில் ஏதாவது தோன்றலாம். அதற்காகக் குறிப்பேடு கொண்டுபோகாதீர்கள், கொண்டுபோனால் எதையாவது எழுதத்தான் தோன்றும். சட்டைப்பையில் பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு காகிதம், ஒரு பென்சில். ஒரு வரி எழுதலாம், இரண்டாவது வரி கிடையாது. வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்.

7. காதுக்குக் கொஞ்சம் தீனி

சரக்கு தீர்ந்தவர்களுக்கு இந்தப் படி. சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கும் சாக்கில் அரை மணி நேரம் நில்லுங்கள். விலை ஹொக்கியன் சீனத்தில் தொடங்கி, மலாயில் இறங்கி, "சரி எடுத்துக்கங்க" என்று தமிழில் முடியும். ஒட்டுக் கேளுங்கள், ஆனால் குறிக்காதீர்கள். மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஏறாதீர்கள். ஏறினால் மூன்று புத்தகத்தோடுதான் இறங்குவீர்கள், என்னைப் போல.

எழுதாதவர்களோடு பசியாறப் போங்கள். எழுத்தாளர்களோடு போனால் பேச்சு பத்து நிமிடத்தில் யார் யாருக்கு எந்தப் பரிசு கொடுத்தார்கள் என்பதில் போய் நிற்கும், உங்களுக்கு வயிறும் எரியும்.

"அடுத்து என்ன எழுதறீங்க?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். "பூ கட்டறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் கேள்வி வராது.

8. வெளியீட்டு விழாவை இதில் கலக்காதீர்கள்

நம் ஊரில் புத்தகம் எழுதுவது பாதி வேலை. அச்சகம், அட்டைப்படம், மண்டபம், அழைப்பிதழ், முதல் நூல் வாங்கப் பிரமுகர் தேடுவது, அவருக்காக மேடையில் ஒரு மணி நேரம் காத்திருப்பது, வந்தவர்களுக்கு மீகூன் (அரிசி நூடுல்ஸ்) போதுமா என்று கவலைப்படுவது எல்லாம் எழுத்தாளர் தலையில்தான். ஒருமுறை ஓய்வு வாரத்திலேயே விழாவையும் வைத்துக்கொண்டேன், "எழுதலயே, சும்மாதானே இருக்கேன்" என்று. விழா முடிந்த அன்று 38 டிகிரி காய்ச்சல். இப்போது பிழைதிருத்தம், விண்ணப்பம், கணக்கு எல்லாவற்றுக்கும் வியாழக்கிழமை இரவு மட்டும். விழா, ஓய்வுக்கோட்டுக்கு வெளியே.

9. மூன்றாவது வாரம் பயம் வரும்

எனக்கு எப்போதும் 16, 17-ஆம் நாளில் வருகிறது. இனிமேல் எழுதவே வராது, இருந்ததெல்லாம் இதற்கு முன்னால் எழுதியாகிவிட்டது, யாரோ ஒரு பெண் 28 வயதில் இரண்டு நாவல் போட்டுவிட்டாள். இந்த நேரத்தில் கணினியைத் திறந்தால் பயத்தில் எழுதியதுதான் வரும். காலண்டரைப் பாருங்கள், மிச்ச நாளை எண்ணுங்கள், அன்றைக்குப் படகு ஏறுங்கள். இதற்கு எனக்கு வேறு வைத்தியம் தெரியாது.

10. திரும்பி வருவது

காலண்டரின் முடிவுக் கோட்டுக்கு ஐந்தாறு நாள் முன்னாலேயே சில அடையாளம் தெரியும். பாத்திரம் கழுவும்போது யாரோ ஒருவர் உங்கள் குரலில் இல்லாமல் பேச ஆரம்பிப்பார். ஒரு புத்தகத்தை நாலு பக்கம் திருத்தாமல் படிப்பீர்கள். ரசீதின் ஒற்றுப்பிழை கண்ணில் படாது.

அப்போதும் பாயாதீர்கள். முதல் ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம், கையால், தாளில். நாவல் கூடாது. ஜன்னலில் தெரிவது, நேற்றுத் தின்ற பழம், எதுவானாலும் சரி. எழுதியதும் கிழித்துவிடுங்கள். ஆறாம் நாள் பிஸ்கட் டின்னைத் திறங்கள். முதலில் பஸ் டிக்கெட் வரிகள், கடைசியாக 'விட்ட குறை' தாள். என் தாளில் போன முறை 14 குறை இருந்தது. திறந்து பார்த்தபோது ஐந்தைத் தாராளமாக விட்டுவிடலாம் என்று தெரிந்தது, மூன்றுக்கு விடை தானாக வந்திருந்தது.

அடுத்தது எது என்று முடிவு செய்ய, மனதில் இருக்கும் மூன்று கதைக்கும் தலா ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டு நாள் விடுங்கள். எந்தப் பக்கத்தின் அடுத்த வரி தானாக ஓடுகிறதோ அதுதான். நல்ல கருவா, பரிசு கிடைக்குமா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த கதை எனக்கு எட்டாவது அத்தியாயத்தைத் தாண்டியதில்லை. முதல் வாரம் வழக்கமான அளவில் பாதி போதும். நான் 600 சொல் எழுதுகிறவள், அந்த வாரம் 300-இல் எழுந்துவிடுவேன், வந்துகொண்டிருந்தாலும்.

11. அடுத்த வேலைக்குள்ளேயே ஓய்வை வையுங்கள்

என் அம்மா கூலிம் பக்க ரப்பர் தோட்டத்தில் 22 வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். முதல் நாவலுக்குப் பிறகு நான் சுருண்டு கிடந்தபோது வந்து பார்த்தார். தினமும் எழுதினேன், ஞாயிறுகூட விடவில்லை என்று பெருமையாகத்தான் சொன்னேன். "மரத்துக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான்டி கத்தி வைப்போம்," என்றார். ஒரு நிரையை இன்றைக்கு வெட்டினால் நாளைக்கு அடுத்த நிரை. பால் பட்டைக்குள் மறுபடி ஊற நேரம் வேண்டும். பேராசைப்பட்டுத் தினமும் கத்தி வைத்தால் கொஞ்ச நாள் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) நிரம்பும், அப்புறம் பட்டை வறண்டுவிடும், வெட்டினாலும் சொட்டு வராது. இலை கொட்டும் மாதங்களில் பாலும் குறைந்துவிடும், மரத்தைத் திட்டிப் பயனில்லை. மழை நாளில் வேலையே கிடையாது, மங்கில் விழும் பாலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும்.

இப்போது நான் திங்கள், புதன், வெள்ளி, சனி எழுதுகிறேன். செவ்வாயும் வியாழனும் அதே 6 மணிக்கு எழுந்து பொட்டானிக் தோட்டத்துக்குப் போகிறேன். ஞாயிறு தூக்கம். ஒவ்வொரு ஆறு அத்தியாயத்துக்கும் ஐந்து நாள் சொல்லில்லாத விடுப்பு, காலண்டரில் முன்கூட்டியே சிவப்பில். நாவல் முடிய இரண்டு மாதம் கூடுதலாக ஆகிறது. அம்மாவிடம் இந்தக் கால அட்டவணையைக் காட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, மழை நாளுக்கு ஏன் ஒன்றும் போடவில்லை என்று கேட்டார்.